உருது பேசும் பிள்ளைகளுக்கு ஆன்லைன் இங்கிலீஷ்: நெட் மட்டும்தான் பிரச்சினையா?

(இணைய மன்ற இழை. தேதிக்குப் பின்னால் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

2021 ஜூன் 5, காலை. தோல்கிடங்குத் தெரு

பாகிஸ்தானில் கராச்சி, குவெட்டா பக்கம் கொரோனாவால் போன வருஷம் மார்ச்சில் மூடிய பள்ளிக்கூடங்கள் திறப்பதும் மூடுவதுமாகவே ஓடுகின்றன. உருது மீடியம் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் இங்கிலீஷ் சுத்தமாக எடுபடவில்லை என்று அங்கே இருக்கும் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். என் கருத்து: காரணம் நெட். அது சரியாக இருந்திருந்தால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகியிருக்கும். மறுக்கிறவர்கள் எழுதுங்கள்.

2021 ஜூன் 5, மதியம். மாலை வகுப்பு

பாதி சரி. ஆப்கான் எல்லையோரம் இருக்கும் பழைய பழங்குடிப் பகுதிகளில் 2016 முதல் பெரும்பாலான இடங்களில் மொபைல் டேட்டாவே கிடையாது. தெற்கு வஜீரிஸ்தானுக்கு இந்த ஜனவரியில்தான் திரும்ப வந்தது. போன ஜூனில் குவெட்டாவில் மாணவர்கள் தெருவில் இறங்கியதும் இதற்காகத்தான். அவர்களிடம் போய் நெட் பிரச்சினை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் லாகூரில் ஃபைபர் இணைப்பு வைத்திருந்த வீட்டுப் பிள்ளையும் கற்கவில்லையே, அதற்கு என்ன காரணம்? வகுப்பறைப் பாடத்தை அப்படியே தூக்கி போனுக்குள் போட்டார்கள். ஆசிரியர் நாற்பது நிமிடம் பேசினார், பிள்ளை மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தது. மொழிப் பாடத்தில் பிள்ளை வாய் திறக்கவில்லை என்றால் இணைப்பு எவ்வளவு வேகமாக இருந்தும் பயனில்லை. ஒரு நிமிடக் குரல் பதிவு, அதற்கு ஒரே ஒரு திருத்தம், மறுநாள் மறுபடி ஒரு பதிவு: இதை மட்டும் விடாமல் செய்த இடங்களில் பிள்ளைகள் பேசினார்கள். நேரலை வீடியோவை நம்பிய இடங்களில் பேசவில்லை.

2021 ஜூன் 5, இரவு. மாலை வகுப்பு

டேட்டா கணக்கைத் தனியாக எழுதுகிறேன்.

ஜூமில் குழு வீடியோ ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபி பக்கம் தின்னும், சில நேரம் அதற்கு மேலும். வீடியோவை அணைத்துக் குரல் மட்டும் வைத்தால் நாற்பது எம்பிக்குள் முடிந்துவிடும். வாட்ஸாப் குரல் பதிவு ஒரு நிமிடத்துக்குக் கால் எம்பிகூட ஆகாது. பாகிஸ்தானில் வாட்ஸாப்புக்கென்றே தனி சோஷியல் பண்டில் மலிவாகக் கிடைக்கிறது. மாதக் கடைசியில் மற்ற டேட்டா தீர்ந்துபோனாலும் அது ஓடும். ஆகவே ஏழை வீட்டுப் பிள்ளைக்கு வகுப்பு என்பது வாட்ஸாப்தான். ஜூமில் இலவசக் கணக்குக்கு நாற்பது நிமிட வரம்பு வேறு. அதில் முதல் பத்து நிமிடம் "ஆவாஸ் ஆ ரஹீ ஹை?" (குரல் கேட்கிறதா?) என்று கேட்பதிலேயே போய்விடும்.

வளைகுடாவில் வளரும் பாகிஸ்தான் பிள்ளைகளுக்கும் இதையே சொல்வேன். அமீரகத்தில் வாட்ஸாப் அழைப்பு போகாது, குரல் பதிவு போகும்.

2021 ஜூன் 6. பச்சைப்பலகை

டிவியை விட்டுவிட்டீர்களே சார். 2020 ஏப்ரலில் பாகிஸ்தான் அரசு டிவியான பிடிவியில் டெலிஸ்கூல் ஆரம்பித்தது. காலை 8 மணியிலிருந்து மாலை 6 வரை, ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை. நெட் இல்லாத வீட்டுக்கு அதுதானே கதி?

2021 ஜூன் 6, மாலை. மாலை வகுப்பு

நல்ல முயற்சி மேடம், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வகுப்புக்கு நாளுக்கு ஒரு மணி நேரம்தான், எல்லாப் பாடமும் அதற்குள் அடங்க வேண்டும். இங்கிலீஷுக்கு மிஞ்சுவது சில நிமிடங்கள். கணக்கையும் அறிவியலையும் டிவியில் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். பேச்சை அப்படிப் பழக முடியாது, பிள்ளை சொன்னதை டிவி கேட்காதே. டிவி பாடம் முடிந்ததும் அதில் வந்த மூன்று வாக்கியங்களைப் பிள்ளை பதிவு செய்து ஆசிரியருக்கு அனுப்ப வேண்டும் என்று வைத்திருந்தால் இரண்டும் சேர்ந்து வேலை செய்திருக்கும். கரண்ட் போகும் நேரத்தில் பாடம் தவறினால் மறு ஒளிபரப்பு எப்போது என்று வீட்டில் தெரியாமல் இருந்ததும் ஒரு இடைஞ்சல்.

2021 ஜூன் 8. மாலை வகுப்பு

யாரும் பேசாத ஒரு விஷயம், எழுத்தின் திசை. தமிழ் ஆசிரியர்களுக்கு இந்தத் தொல்லையே வராது, அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

உருது வலமிருந்து இடம் போகிறது, இங்கிலீஷ் இடமிருந்து வலம். ஒரே வரியில் இரண்டையும் தட்டினால், அந்த வரியின் முதல் எழுத்து எந்த மொழியோ அந்தத் திசையை மொத்த வரிக்கும் போன் எடுத்துக்கொள்ளும். ஆசிரியர் "சவால்" (கேள்வி) என்று உருதுவில் தொடங்கி, பிள்ளை நிரப்ப ஒரு கோடு போட்டு, "இஸ் மை பிரதர்" என்று இங்கிலீஷில் தட்டி, முற்றுப்புள்ளி வைக்கிறார். பிள்ளையின் திரையில் கோடு வலக்கோடிக்கும் முற்றுப்புள்ளி இடக்கோடிக்கும் போய்விடுகிறது. வாக்கியம் இடமிருந்து படிக்கும் கண்ணுக்குப் புள்ளியில் தொடங்கிக் கோட்டில் முடிகிறது. "ஹீ" என்று முன்னால் போட வேண்டிய பிள்ளை கடைசியில் கொண்டுபோய்ப் போடுகிறது, ஆசிரியர் தப்பு என்று அடிக்கிறார். பிள்ளையின் மேல் தப்பே இல்லை.

சரிசெய்யும் வழி: உருதுக் குறிப்பை ஒரு வரியில் முடித்துவிடுங்கள். அடுத்த வரியில் இங்கிலீஷ் வாக்கியம் மட்டும். அந்த வரி கோட்டோடோ எண்ணோடோ தொடங்கக் கூடாது, எண்ணுக்குத் தானாகத் திசை பிடிக்கும் சக்தி இல்லை. முன்னால் "க்யூ" என்ற இங்கிலீஷ் எழுத்தைப் போட்டு அதன்பின் எண், அதன்பின் கோடு. அடைப்புக்குறி வேண்டவே வேண்டாம், அதுவும் திரும்பிக்கொள்ளும். கூகுள் டாக்ஸில் செய்தால் இரண்டு பத்திகள் உள்ள அட்டவணை போட்டு, ஒரு பத்தியில் உருது, மறு பத்தியில் இங்கிலீஷ், தனித்தனித் திசை.

இன்பேஜ் என்ற உருது தட்டச்சு மென்பொருளில் அடித்த பழைய வினாத்தாளை அப்படியே அனுப்பினால் போனில் திறக்காது. படமாக்கித்தான் அனுப்ப வேண்டும். யுனிகோடில் அடித்தாலும் பல ஆண்ட்ராய்டு போன்களில் உருது நஸ்க் (அரபு அச்செழுத்து) வடிவில் தெரிகிறது. புத்தகத்தில் நஸ்தலீக் (சாய்ந்து இறங்கும் உருது எழுத்து) பார்த்துப் பழகிய சின்ன வகுப்புப் பிள்ளை அதை எழுத்துக்கூட்டித்தான் படிக்கும். ஐந்தாம் வகுப்புக்குக் கீழே என்றால் நஸ்தலீக் எழுத்துருவில் அடித்துப் படமாக அனுப்புங்கள்.

2021 ஜூன் 8, இரவு. தோல்கிடங்குத் தெரு

இது எனக்குப் புதுசு சார். அப்படியானால் ரோமன் உருதுவில் எழுதிவிட்டால் முடிந்ததே? பிள்ளைகள் எல்லாம் அப்படித்தானே சாட் செய்கிறார்கள்.

2021 ஜூன் 9. மாலை வகுப்பு

பெரிய பிள்ளைகளுக்கு ரோமன் உருது நன்றாக வேலை செய்யும் பாய். சின்னவர்களுக்கு வேண்டாம். இங்கிலீஷ் எழுத்துக்கு இங்கிலீஷ் ஒலியைப் பழக்கும் வயதில் அதே எழுத்தால் உருதுவும் எழுதினால் இரண்டும் குழம்பும். ஆறாம் வகுப்புக்கு மேலே தாராளமாக.

2021 ஜூன் 11. மாலை வகுப்பு

குரல் பதிவு முறையை எப்படி நடத்துவது என்று தனிச்செய்தியில் கேட்டார்கள். இங்கேயே எழுதிவிடுகிறேன்.

காலையில் ஆசிரியர் நான்கு வாக்கியங்களைப் படமாக அனுப்புகிறார். கூடவே நாற்பது நொடிப் பதிவு: முதலில் நிறுத்தி, பிறகு இயல்பான வேகத்தில். பிள்ளை மூன்று முறை கேட்க வேண்டும், படத்தை மூடிவிட்டுச் சொல்ல வேண்டும், ஒரு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. ஆசிரியர் அந்தப் பதிவுக்கே "ரிப்ளை" கொடுத்து ஒரே ஒரு தவறைத் திருத்துகிறார். ஒரே ஒன்று. மூன்றைத் திருத்தினால் அடுத்த நாள் பதிவு வராது.

நேரம்: 35 பிள்ளைகள், ஆளுக்கு 45 நொடி என்றால் கேட்பதற்கே 26 நிமிடம். பதில் பதிவு சேர்த்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல். வாரத்தில் எல்லா நாளும் இதைச் செய்தால் ஆசிரியர் இரண்டாம் வாரமே ஓய்ந்துவிடுவார். ஏழு ஏழு பேராக ஐந்து குழு பிரியுங்கள். எல்லாரும் தினம் பதிவு அனுப்பட்டும், அன்றைய குழுவுக்கு மட்டும் தனித்தனியாகப் பதில். மற்றவர்களுடையதில் அங்கங்கே கேட்டு, பொதுவாகக் கண்ட ஒரு தவறைப் பெயர் சொல்லாமல் குழுவில் போடுங்கள்.

கெட்டுப்போகும் இடங்களும் உண்டு. பார்த்துப் படித்து அனுப்புவார்கள்: குரல் ஏற்ற இறக்கமில்லாமல் ஒரே சீராக வரும், கேட்டதும் தெரியும். அக்கா பேசி அனுப்புவாள். வேறொருவர் பதிவை ஃபார்வர்டு செய்வார்கள், அதற்குக் குறி விழுந்துவிடும். தடுப்பதற்கு எளிய வழி, பதிவின் தொடக்கத்தில் வீட்டில் அப்போது கண்ணில் படும் ஒரு பொருளைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லச் சொல்வது. அதை எழுதிவைத்துப் படிக்க முடியாது.

அப்புறம், போன் அப்பாவுடையது. இரவு அவர் வந்த பிறகுதான் பிள்ளை கைக்கு வரும். காலை 9 மணி வகுப்பு என்று போட்டால் பாதிப் பேர் வர மாட்டார்கள். இஷா என்ற இரவுத் தொழுகைக்குப் பிறகு பத்து மணி வரை பதிவு அனுப்பலாம் என்று வையுங்கள். ரமலானில் இன்னும் தள்ளிப்போகும். மெமரி நிறைந்தால் அப்பா மீடியாவை எல்லாம் அழிப்பார், பாடமும் சேர்ந்து போகும். ஆட்டோ டவுன்லோடை அணைக்கச் சொல்லிக் கொடுப்பதை முதல் நாள் பாடமாகவே வைக்கலாம்.

2021 ஜூன் 12. பச்சைப்பலகை

பெண் பிள்ளைகளைப் பற்றியும் எழுதுங்கள் சார். பதின்வயதுப் பெண்ணின் குரல் முப்பது பேர் இருக்கும் குழுவில் போவதைப் பல வீடுகளில் விரும்ப மாட்டார்கள். கேமரா போடவில்லை என்று ஆப்சென்ட் போட்ட இடங்களும் உண்டு.

2021 ஜூன் 12, இரவு. மாலை வகுப்பு

கேமராவை வைத்து வருகை எடுப்பது அநியாயம். பெண் பிள்ளைகளின் பதிவு ஆசிரியையின் தனி எண்ணுக்கு மட்டும் போகட்டும், திருத்தியதும் இரு பக்கமும் அழித்துவிடலாம் என்று முதலிலேயே தாயிடம் சொல்லிவிடுங்கள். இப்படிச் சொன்ன வீடுகளில் அனுமதி கிடைத்தது. குழுவில் ஆசிரியை குரல் மட்டும் இருக்கட்டும்.

வாயசைவு காட்ட வேண்டுமென்றால் காட்ட வேண்டியது ஆசிரியர் வாயை. ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, முகத்தின் கீழ்ப்பாதி மட்டும், பக்கவாட்டில், பதினைந்து நொடி. வாட்ஸாப்பில் இதைவிடப் பெரிய வீடியோவும் போகும். ஆனால் இரண்டு எம்பியைத் தாண்டினாலே பலர் திறக்க மாட்டார்கள்.

2021 ஜூன் 15. மாலை வகுப்பு

இனி மொழிக்கு வருகிறேன், ஏனென்றால் பொதுவான யூடியூப் பாடங்கள் தோற்றது இங்கேதான். உருது பேசும் பிள்ளை எங்கே தடுக்கும் என்று அவற்றைச் செய்தவர்களுக்குத் தெரியவில்லை.

நம் பிள்ளைகள் திணறும் "ஜூ", "ஜிப்", "ஃபேன்", "மெஷர்" உருதுக்காரர்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை, எல்லா ஒலியும் அவர்கள் மொழியிலேயே இருக்கிறது. அதற்குப் பாடம் நடத்துவது வீண். பல்லிடையில் நாக்கை நீட்டச் சொல்லி மல்லுக்கட்டவும் வேண்டாம். "திங்க்" என்று நம்மைப் போலவே சொல்வார்கள், கேட்கிறவருக்குப் புரிந்துவிடும். போதாததற்கு, சாதாரண போன் அழைப்பில் 3400 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஒலி வெட்டுப்படும், ஸகரமும் ஃபகரமும்கூடத் தெளிவாகக் கேட்காது. அழைப்பில் உச்சரிப்புத் திருத்தவே கூடாது. குரல் பதிவில் ஒலி அதைவிட முழுமையாக வரும்.

உண்மையான இடைஞ்சல் உயிரொலியில். பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் இங்கிலீஷ் சொல்லுக்கு மேலே உருது எழுத்தில் உச்சரிப்பை எழுதிக்கொள்வார்கள். படுக்கைக்கு "பெட்", கெட்டதுக்கு "பேட்", கோர்க்கும் மணிக்கு "பீட்": மூன்றையும் பே, யே, டால் என்ற மூன்று உருது எழுத்தில் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள். நாம் தமிழில் குறித்தால் மூன்றும் மூன்றாக நிற்கும். வகுப்பறையில் ஆசிரியர் குரல் கூடவே இருந்ததால் இது தெரியவில்லை. வீட்டில் தனியாக உட்கார்ந்து அந்தக் குறிப்பைப் பார்த்துப் படித்தபோது எல்லாம் ஒன்றாகிவிட்டது. குறித்துக்கொள்வதைத் தடுக்காதீர்கள். யே எழுத்துக்கு முன்னால் ஈகார ஒலிக்கு ஜேர் (எழுத்தின் கீழே போடும் குறி), விரிந்த ஒலிக்கு ஜபர் (மேலே போடும் குறி), மற்றதற்கு ஒன்றும் இல்லை என்று குறி போடப் பழக்குங்கள். பத்துச் சொல்லுக்கு ஒரு குரல் பதிவு கூடவே இருக்கட்டும்.

சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய் சேர்ந்தால் உருதுப் பிள்ளை "இஸ்கூல்" என்னும், பஞ்சாபிப் பிள்ளை "ஸகூல்" என்னும். "இஸ்கூலு" நமக்கும் பழக்கமானதுதான். திருத்த ஒரு வழி: ஸகரத்தை மூன்று நொடி இழுத்து, நிறுத்தாமல் "கூல்" சேர்ப்பது. பதிவில் இழுத்துக் கேட்டால் முன்னால் இகரம் ஒட்டியிருக்கிறதா என்று தெளிவாகத் தெரியும். ஜூமில் நடத்தினால் அதன் இரைச்சல் நீக்கி அந்த நீண்ட ஸகரத்தை இரைச்சல் என்று நினைத்து விழுங்கிவிடும். அதனால் நேரலையில் இந்தப் பயிற்சி வேண்டாம்.

2021 ஜூன் 16. மாலை வகுப்பு

இலக்கணம். பாகிஸ்தான் மெட்ரிக்கில் காலங்களை உருது வினையின் கடைசி ஒலியை வைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள். "தா ஹை, தீ ஹை" வந்தால் ஒரு காலம், "ரஹா ஹை" வந்தால் இன்னொன்று. தேர்வில் உருதுப் பத்தியை மொழிபெயர்க்க இது உதவும். ஆனால் "வோ பைட்டா ஹை" என்ற வாக்கியத்தில் முடிவு "ஆ ஹை", ஆகவே "ஹீ ஹேஸ் சாட்" என்று எழுதுவார்கள். வர வேண்டியது "ஹீ இஸ் சிட்டிங்". தமிழில் "உட்கார்ந்திருக்கிறான்" என்பதும் இதே அமைப்புதான், நம் பிள்ளைகளும் இங்கே சறுக்குவார்கள். உட்கார்தல், நிற்றல், படுத்தல், தூங்குதல் இந்த நான்கையும் ஆசிரியர் படமெடுத்து அனுப்பி "இப்போது என்ன செய்கிறார்?" என்று கேட்டுப் பதிவு வாங்கினால் போதும். உருது வாக்கியமே காட்டக் கூடாது.

அடுத்தது "ஸே". மூன்று நாளாக, திங்கள் முதல், கத்தியால், நாயைக் கண்டு, அவனைவிட: எல்லாவற்றுக்கும் "ஸே". அதனால் "ஃப்ரம் த்ரீ டேஸ்" என்றும் "அஃப்ரைட் ஃப்ரம் டாக்" என்றும் வருகிறது. நமக்கு "மூணு நாளா" வேறு, "திங்கட்கிழமையிலிருந்து" வேறு. அவர்களுக்கு அந்தப் பிரிப்பையே முதலில் உண்டாக்க வேண்டும். எண்ணினால் வருவது ஒரு பக்கம், நாட்காட்டியில் விரல் வைத்துக் காட்ட முடிவது மறுபக்கம் என்று இருபது சொற்களைப் பிரிக்கச் சொல்லுங்கள், பிறகுதான் "ஃபார்", "சின்ஸ்".

"வோ" ஒன்றே அவன், அவள், அது மூன்றுக்கும். ஆண் பெண் வேறுபாடு வினையில் இருக்கும். அதனால் "ஹீ இஸ் மை சிஸ்டர்" என்பது அறியாமையில் வருவதில்லை, கண் பிரதிப்பெயரைப் பார்க்காத பழக்கத்தில் வருவது. எழுதிய திருத்தம் இதற்குப் பிடிபடாது. குடும்பப் படம் ஒன்றைப் பார்த்து ஒரு நிமிடம் பேசச் சொன்னால் பிடிபடும்.

2021 ஜூன் 17. தோல்கிடங்குத் தெரு

எங்கள் ஆம்பூர், வாணியம்பாடி வீடுகளில் பேசுவது தக்கனி, அதாவது தெற்கத்தி உருது. "நான் ரொட்டி சாப்பிட்டேன்" என்பதற்கு "மைனே ரொட்டி காயா" என்று சொல்ல மாட்டோம், "மை ரொட்டி காயா"தான். பாகிஸ்தான் உருதுவுக்குச் செய்த பாடம் எங்கள் பிள்ளைகளுக்கு அப்படியே பொருந்தாது என்று நினைக்கிறேன்.

2021 ஜூன் 17, இரவு. மாலை வகுப்பு

பொருந்தும் இடமும் உண்டு பாய், பொருந்தாத இடமும் உண்டு. எழுத்தின் திசை, யே குழப்பம், "ஸே" எல்லாம் அப்படியே பொருந்தும். ஆனால் உங்கள் பிள்ளைகள் தமிழும் கேட்டு வளர்கிறார்கள். "மூணு நாளா" என்ற வேறுபாடு காதில் ஏற்கெனவே இருக்கிறது. அவர்களுக்கு "ஃபார், சின்ஸ்" சொல்லும்போது தமிழ் வழியாகவே சொல்லிவிடலாம், ஒரு வாரப் பாடம் மிச்சம்.

2021 ஜூன் 20. பச்சைப்பலகை

இந்த முறை அங்கே பொதுத்தேர்வில் இங்கிலீஷே கிடையாது. 2020இல் தேர்வே நடத்தாமல் தேர்ச்சி கொடுத்தார்கள். இப்போது விருப்பப் பாடங்கள் மட்டும், ஒன்பது பத்துக்குக் கூடவே கணக்கு. கட்டாயப் பாடமான இங்கிலீஷ், உருது விலக்கப்பட்டுவிட்டன. இனி யார் பதிவு அனுப்புவார்கள்?

2021 ஜூன் 21. மாலை வகுப்பு

எனக்கு மிகவும் வருத்தம் தரும் முடிவு. காரணம் புரிகிறது, பாடம் முடியாத நிலையில் பிள்ளைகளின் சுமையைக் குறைத்தார்கள். ஆனால் உருது மீடியத்திலிருந்து முதலாண்டு இன்டருக்கு (பதினோராம் வகுப்புக்கு) போகும் பிள்ளைக்கு அங்கே இயற்பியல் புத்தகமே பெரும்பாலும் இங்கிலீஷில் இருக்கும். இரண்டு வருட இங்கிலீஷ் இல்லாமல் அதைத் திறக்கப் போகிறது. ஆங்கில மீடியம் பிள்ளைக்கு இந்த விலக்கால் நட்டமில்லை, உருது மீடியம் பிள்ளைக்குத்தான் நட்டம்.

மீதமிருக்கும் வாரங்களில் காலங்களையும் செயப்பாட்டு வினையையும் விட்டுவிடுங்கள். அந்த இயற்பியல் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தை எடுங்கள். நாளுக்கு ஐந்து வரி. பிள்ளை அதைச் சத்தமாகப் படித்து, பிறகு உருதுவில் என்ன புரிந்தது என்று சொல்லிப் பதிவு அனுப்பட்டும். கூகுள் மொழிபெயர்ப்பைப் பார்க்கட்டும், தடுக்க வேண்டாம். பார்த்துவிட்டுத் தன் வாயால் சொல்ல வேண்டும், அவ்வளவே.

2021 ஜூன் 24. தோல்கிடங்குத் தெரு

நெட்டைப் பற்றி நான் சொன்னதில் பாதியை விட்டுக்கொடுக்கிறேன். கராச்சிக்கு இந்த இழையைச் சுருக்கி அனுப்பப் போகிறேன். ஒரு சந்தேகம்: வாட்ஸாப்பில் இப்போது குரல் பதிவை ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்கும் வசதி வந்திருக்கிறது. ஆசிரியர்களுக்கு நேரம் மிச்சமாகுமே?

2021 ஜூன் 24, இரவு. மாலை வகுப்பு

பிள்ளை என்ன சொல்கிறது என்று மட்டும் பார்க்க வேண்டிய நாளில் பயன்படுத்தலாம். உச்சரிப்புத் திருத்தும் நாளில் வேண்டாம், "இஸ்கூல்" இகரம் வேகத்தில் மறைந்துவிடும். பிள்ளைகளையும் மாதிரிப் பதிவை சாதாரண வேகத்தில் வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். சுருக்கி அனுப்பும்போது திசை பற்றிய குறிப்பையும் 35 பேர் கணக்கையும் விட்டுவிடாதீர்கள் பாய். உருதுவில் எழுதி அனுப்புவதானால் இங்கிலீஷ் உதாரணங்களைத் தனி வரியில் போடுங்கள்.